இரண்டு திசைகாட்டிகளும் ஒரே கிழக்கும்

எங்கள் கம்பெனியில் புத்தி சொல்வதற்கென்று ஒரு வயது இருக்கிறது. தலை நரைத்து, கழுத்தில் ரோஜா மாலையும் கையில் சுவர்க்கடிகாரமுமாக நிற்கும்போதுதான் ஒருவர் இளையவர்களைப் பார்த்துப் பேசலாம். எனக்கு முப்பது ஆகவில்லை. ஓய்வும் பெறவில்லை, வேறு ஊரில் வேலை கிடைத்ததால் விலகுகிறேன். ஆனால் கருவிப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அதில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அதன் மூத்த ஊழியரும் நானே, அதிலிருந்து விடைபெறும் முதல் ஊழியரும் நானே. கடிகாரம் தரவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அளப்பதையும் பழுது பார்ப்பதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அவற்றைப் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மறந்திருந்தால் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு. ஒரு கருவியைப் பலர் சேர்ந்து தேர்ந்தெடுக்கும்போது, அதை நம்பி உயிரை வைக்கப்போகிற ஆளை அந்த அறையில் யார் நினைத்துக்கொள்வது? அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் வருவதற்கு முன்பு, செங்கல்பட்டில் நாம் ஃபைபரில் தண்ணீர்த்தொட்டியும் பஸ் சீட்டும் செய்துகொண்டிருந்தோம். அப்போது மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்று கயாக் படகுகள் கேட்டது. கயாக் என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஓட்டல் மேனேஜர் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றைக் காட்டினார். வெண்டைக்காய் போல ஒல்லியான படகு. மேலே முழுதும் மூடியிருக்கும். நடுவே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழிகள். குழிக்குள் இடுப்புவரை இறங்கி, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை உள்ள துடுப்பால் வலிக்க வேண்டும். ஓட்டலில் தங்கும் வெள்ளைக்காரர்களை விடியற்காலையில் இதில் கடலுக்குள் கூட்டிப்போய், காலைப் பலகாரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது திட்டம்.

கூட்டிப்போகிறவர் தேசிங்கு. மாமல்லபுரத்து மீனவக் குப்பத்துக்காரர். கட்டுமரத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓட்டலில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார். ஏறக்குறைய என் வயதுதான். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை யக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பயணிகளை அனுப்பும் வெளிநாட்டு ஏஜென்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒவ்வொரு படகின் மேல்மூடியிலும் ஒரு திசைகாட்டி பொருத்தியிருக்க வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று தொழில்நுட்பம் படித்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நம் கம்பெனியில் அந்தப் படிப்புப் படித்தவள் நான் ஒருத்திதான்; கருவிப் பிரிவு அன்று தொடங்கியது.

நிபந்தனையில் நியாயம் இருந்தது. தை, மாசியில் அந்தக் கடற்கரையில் சில காலைகளில் கெட்டியாகப் பனி இறங்கும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு மேலே ஒன்றரை முழ உயரத்தில் இருக்கும். பனி மூடினால் கலங்கரை விளக்கம் தெரியாது, சூரியன் தெரியாது, படகின் மூக்கு தெரிந்தால் அதிர்ஷ்டம். மேற்கு எது என்று தெரிந்தவர் கரைக்கு வருவார். தெரியாதவர் கிழக்கே போவார். கிழக்கே அந்தமான் வரைக்கும் டீக்கடை கிடையாது. தேசிங்கு வீடு திரும்புவாரா என்பது அந்த உள்ளங்கை அகலப் பொருளில் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பொருளை நாங்கள் தேர்ந்தெடுத்த அழகைக் கேளுங்கள்.

தேர்வுக் கமிட்டி நம் ஆபீஸ் அறையில் கூடியது. தலைமை, முதலாளி ஹாஜியார். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ரெக்சின் வியாபாரத்தில் தொடங்கி ஃபைபருக்கு வந்தவர். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் திருப்தியாகும் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தே முன்னுக்கு வந்தவர். எதிரே ஓட்டல் மேனேஜர். அவரோடு வந்திருந்தவர்கள் தலையாட்டுவதற்காக வந்தவர்கள். அதைக் குறையில்லாமல் செய்தார்கள். தேசிங்கு கதவோரம் நின்றார். படகில் போகப்போகிறவருக்கு நாற்காலி ஒதுக்கியிருக்கவில்லை.

மேசைமேல் நான்கு திசைகாட்டிகள். ஒன்று, பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் மேனேஜர் வாங்கிய பித்தளைத் திசைகாட்டி. ஒரு சின்ன அம்மிக்குழவியின் கனம். பளபளவென்று தேய்த்து, வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டாவது, கார் கண்ணாடியில் ஒட்டும் உருண்டை. மூன்றாவது, பட்டாளத்தில் கையில் வைத்துப் பார்க்கும் மடக்கு டப்பா. நான்காவது நான் கொண்டுவந்தது. கறுப்புக் கிண்ணம், மேலே கண்ணாடிக் குமிழ், உள்ளே எண்ணெய், எண்ணெயில் மிதக்கும் எழுத்துத் தட்டு.

அதை ஏன் சொல்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். படகு குலுங்கினாலும் எண்ணெய்க்குள் தட்டு ஆடாது, மெல்லத் திரும்பி நிற்கும். எழுத்துகள் பெரியவை, முழங்காலுக்கு நேரே வைக்காமல் எட்டி மூக்குப் பக்கம் வைத்தாலும் தெரியும். எட்டி வைத்தால் பார்வை கடலின்மேலேயே இருக்கும். குனிந்து குனிந்து பார்ப்பவர் சீக்கிரம் வாந்தி எடுப்பார். கனம் இல்லை. உப்புத்தண்ணீர் உள்ளே போகாது.

மேனேஜர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், இது ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி இருக்கே. போட்டோவுல எடுபடுமா?"

"போட்டோ எடுக்கும்போது படகு கரையில இருக்கும் சார்."

"எக்ஸாக்ட்லி! கரையில இருக்கும்போது அழகா இருக்க வேணாமா?"

ஹாஜியார் கதவுப் பக்கம் பார்த்தார். "தேசிங்கு, நீதானேப்பா போகப்போறே. நீ இன்னா சொல்றே?"

கடலில் பிறந்து வளர்ந்தவர் என் பக்கம் பேசுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பெருசா கீறதே நல்லா கீது பாய். அம்மாம் பெரிய கப்பலுக்கே வயி சொல்லிச்சி, எனுக்குச் சொல்லாதா?"

கடலில் பிறந்தவர்களுக்கும் பித்தளை பிடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்றார் மேனேஜர். மேசைமேல் நான்கையும் அடுத்தடுத்து வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நான்கும் நான்கு வடக்கைக் காட்டின. ஒன்று ஜன்னலை, ஒன்று கதவை, ஒன்று காலண்டரை. பித்தளை மேனேஜரையே காட்டியது. மேசை இரும்பு மேசை. காந்த முள் இரும்பைப் பார்த்தால் ஊரை மறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது. எந்த வடக்குக்கு அதிகம் பேர் கை தூக்குகிறார்களோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிகளில் ஒருவர் யோசனை சொன்னார். அதை யாரும் சிரித்து ஒதுக்கவில்லை.

உண்மையில் பதறியவர் ஹாஜியார்தான்.

"இன்னாம்மா எஸ்தரு இது? நான் கம்பெனி தொறந்த நாளா இந்த ரூமுலதான் கிப்லா பாத்துத் தொழுதுகினு வரேன். இந்த நாலுல எது நெசம்னாலும் நான் வேற எங்கியோ பாத்துகினு இருந்திருக்கேன்!"

ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னலின் மரக்கட்டைமேல், ஒன்றை எடுத்த பிறகே அடுத்ததை என்று வைத்துக் காட்டினேன். நான்கும் ஏறத்தாழ ஒரே வடக்கைச் சொல்லின. ஹாஜியார் தம் தொழுகை விரிப்பு வழக்கமாகக் கிடக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தார், வடக்கை ஒருமுறை பார்த்தார், மனத்துக்குள் மெக்காவின் திசையைக் கணக்குப் போட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டு டீயைக் குடித்தார்.

சோதனையிலிருந்து மேனேஜர் எடுத்த முடிவு வேறு. "அப்ப நாலுமே சரியாத்தான் காட்டுது. சரியா காட்டுற நாலுல அழகாத்தானே பொறுக்கணும்?"

இளையவர்களே, உங்கள் சோதனையின் முடிவை நீங்கள் வாயால் சொல்லிவிட வேண்டும். கண்ணால் பார்த்தவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். புரிந்துகொள்வார்கள், வேறொன்றை.

இந்த இடத்தில்தான் ஹாஜியாரின் நடுவழி பிறந்தது. "இவரு சொல்றதும் இருக்கட்டும், பொண்ணு சொல்றதும் இருக்கட்டும். ரெண்டையும் வெச்சிடு. இதுல இன்னா பேஜாரு?"

நான் பேஜாரைச் சொன்னேன். இரண்டும் காந்தம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூமியை விட்டுவிட்டு ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஓர் ஆள் தூரமாவது இடைவெளி வேண்டும்; அந்த ஒல்லிப் படகின் முன்பக்கத்தில் அவ்வளவு இடமில்லை.

"மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டுல இல்லையா மிஸ்?" என்றார் மேனேஜர். "முதல்ல இழுபறிதான். அப்புறம் அனுசரிச்சுப் போயிடும்."

அறையே சிரித்தது. தேசிங்கும் சிரித்து, "மூக்குல ரெண்டு கண்ணு வெச்ச மாரி கீறும் சார்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்துவிட்டால் விவாதம் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் பேசுகிற ஆண் பிடிவாதக்காரர், பெண் சண்டைக்காரி. இரண்டு திசைகாட்டிகளும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொள்ளும்படி பொருத்தப்படும் என்று தீர்மானமாயிற்று. அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது: இரட்டைப் பாதுகாப்பு.

நான் கேட்டதில் இரண்டு மட்டும் கிடைத்தன. பித்தளையைக் கையால் திருகிக் கழற்றக்கூடிய நட்டுகளால் பொருத்த வேண்டும் என்றேன். தினமும் கழற்றித் தேய்க்க வசதி என்று மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. கடலில் ஒருமுறை போய்ப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றேன். அதற்கும் சரி என்றார்கள். கடலோட்டம், கயாக் சவாரியின் திறப்பு விழா அன்று விடியற்காலையிலேயே வைக்கப்பட்டது. அன்றுதான் நல்ல நேரம் இருந்ததாம்.

அந்த விடியற்காலை ஓட்டலுக்கு எதிரே மணலில் முதல் கயாக் மூக்கைக் கடல் பார்த்து நீட்டிக்கொண்டு கிடந்தது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். இரண்டு திசைகாட்டிகளையும் சேர்த்து ஒரே மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. நான் என் அண்ணனுடைய பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்; கமிட்டி முதலில் அதைத்தான் ஆராய்ந்தது. பிறகு சூடம் காட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன். படகு கிழக்கே பார்த்திருந்தது. பித்தளையும் கிழக்கு என்றது, கறுப்பும் கிழக்கு என்றது.

"பார்த்தீங்களா மிஸ், என்ன ஒற்றுமை!" என்றார் மேனேஜர்.

"படகை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்கலாம் சார். மணல்லயே."

மேனேஜர் முகம் மாறியது. "சூடம் காட்டின படகைத் திருப்புறதா?"

தேசிங்குக்கும் அது பொறுக்கவில்லை. "வாணாம் யக்கா. கெளம்புற படகோட மூக்கைக் கரப்பக்கம் காட்டக் கூடாது. கடலம்மா கோச்சிக்கும்."

ஹாஜியாரைப் பார்த்தேன். விடியலுக்கு முந்திய சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு நேரே காரில் வந்திருந்தார். "அது அவங்க சம்பிரதாயம்மா. நான் எப்டி தலையிடுறது?" என்று மெல்லச் சொன்னார்.

ஆக, ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு மரியாதை, ஒருவருக்குப் போட்டோ. மூன்றும் சேர்ந்து ஒரு நிமிட வேலையைத் தடுத்தன. நான் கையெழுத்து மறுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் தேசிங்கு எப்படியும் போகத்தான் போகிறார். விழாவின் சிறப்பு விருந்தினர் கார் வரும்போது கடலிலிருந்து திரும்பி வந்து கைதட்டல் வாங்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. கருங்குழி ஏரியில் நீந்தப் பழகியவள் என்பதைத் தவிர எனக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. மிதக்க வைக்கும் கார்க் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்குழியில் இறங்கினேன். தேசிங்கு பின்குழியில் ஏறினார்.

கரை அலையைத் தாண்டியதும் கடல் தொட்டித் தண்ணீர் போலக் கிடந்தது. காற்று இல்லை. படகு நேரே கிழக்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு திசைகாட்டிகளும் கிழக்கு, கிழக்கு என்றன. பித்தளையின் கனத்தில் மூக்கு கொஞ்சம் அமிழ்ந்திருந்தது, அவ்வளவுதான். வலை மிதவை ஒன்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். திரும்பிப் பார்த்த தேசிங்கு, "யக்கா, கரையக் காணம்" என்றார்.

பனி நிலத்திலிருந்து கிளம்பி எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்தது. ஓட்டல் போயிற்று, சவுக்குத்தோப்பு போயிற்று, கலங்கரை விளக்கம் போயிற்று. பிறகு எங்களையும் மூடிக்கொண்டு கிழக்கே நகர்ந்து, இருந்த கொஞ்சம் வெளிச்சத்தையும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பூசிவிட்டது.

"இன்னா இப்போ, திரும்பிக்கலாம். நீ காம்பஸப் பாத்துகினே சொல்லு" என்றார். துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் படகைத் திருப்பினார்.

"இன்னா சொல்லுது?"

"கிழக்கு."

"இன்னும் கொஞ்சம் திருப்புறேன். இப்போ?"

"கிழக்கு."

"இப்போ?"

"ரெண்டும் கிழக்குதான் தேசிங்கு."

"இன்னா யக்கா சொல்றே? நாம திரும்பவே இல்லியா?"

திரும்பினோம். படகு சுழல்வதை என் இடுப்பில் உணர்ந்தேன். ஆனால் இரண்டு தட்டுகளும் படகோடு சேர்ந்து வந்தன. நிறுத்துங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் மேற்கு கிடைக்கும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார். நிறுத்தியபோது நாங்கள் எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"அலையப் பாத்துச் சொல்ல முடியாதா?" என்றேன்.

"அல எங்க கீது? கட்டுமரத்துல நின்னுகினு பாத்தா தெரியும். இதுல எலி மாரி குந்திகினு கீறேன்." குரல் இறங்கியது. "வூட்ல சொல்லிகினு வர்ல யக்கா. பொம்மப் படகுல போறேன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

கரையலையின் சத்தம் கேட்டது. ஆனால் எல்லாப் பக்கமும் கேட்டது. அவர் துடுப்பை எடுத்தார்.

"ரெண்டும் சொல்றதயே கேப்போம். ஒண்ணுன்னா பொய் சொல்லலாம். ரெண்டும் சேந்து சொல்லுமா? நாமதான் கெயக்கப் பாத்துகினு கீறோம். அப்டியே முதுகுப் பக்கமாப் போனா கரை."

நன்றாகத்தான் இருந்தது அவர் வாதம். என்னிடமும் வேறு சாட்சி இல்லை. நான் எனக்குத் தெரிந்தவற்றை மட்டும் மனத்தில் அடுக்கினேன். படகு திரும்பியது என்பது தெரியும். திரும்பாத தட்டு பூமியைப் பார்க்கவில்லை என்பது தெரியும். பூமியைப் பார்க்காவிட்டால் வேறெதையோ பார்க்கிறது. பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். இரண்டும் ஒரே குரலில் பேசியது உண்மையைக் கண்டதால் அல்ல. மணலில் கிழக்கே பார்த்து வைத்தபோது கைகோத்துக்கொண்டன. அதற்குப் பிறகு படகு எங்கே போனால் அவற்றுக்கென்ன?

"தேசிங்கு, துடுப்புப் போடாதீங்க. பித்தளையைக் கழட்டப் போறேன்."

"அய்யோ, அதுதான் பெரிசு!"

"அதனாலதான்."

மல்லிகைச் சரத்தை அறுத்தேன். குழியிலிருந்து மேல்மூடிமேல் படுத்துக் கையை நீட்டினால்தான் எட்டியது. முதல் நட்டு சுலபமாக வந்தது. இரண்டாவதில் சந்தனம் இறுகியிருந்தது. நகம் ஒடிந்தது. படகு ஒருக்களித்தது, தேசிங்கு மறுபக்கம் சாய்ந்து தூக்கிப் பிடித்தார். கடைசி நட்டு தண்ணீருக்குள் விழுந்தது. குழவிபோல் கனத்த அந்தப் பித்தளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் நீட்டினேன்.

"மடியில வெச்சுக்கோங்க. ஆட்டாதீங்க."

கறுப்புக் கிண்ணத்துக்குள் எண்ணெயில் தட்டு அசைந்தது. தூங்கி எழுந்தவர் போல மெல்லத் திரும்பி, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. தென்கிழக்கு. அவர் முதுகுப் பக்கம் என்று போயிருந்தால் கரையோரமாக வடமேற்கே எங்கோ போய்ச் சேர்ந்திருப்போம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பின்பக்கமாக யாரும் துடுப்பு வலிப்பதில்லை, திருப்பித்தான் போவார்கள். திருப்பிய பிறகும் அந்த இரண்டும் கிழக்கு என்றுதான் சொல்லியிருக்கும். அவர் மறுபடி திருப்பியிருப்பார்.

"உங்க மடியில இருக்கறது என்ன சொல்லுது? பூப் போட்ட பக்கம் வடக்கு."

"பூவு என் இடது தோளுக்குப் பின்னால காட்டுது."

என்னுடையதிலும் வடக்கு இடது தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. நடுவே ஓர் ஆள் இடைவெளி விட்டதும் பித்தளையும் யோக்கியமாகிவிட்டது. இப்போதும் இரண்டும் ஒன்றையே சொல்லின. இந்தமுறை நம்பினேன், ஒன்று சொன்னதை மற்றது கேட்டுக்கொண்டு சொல்லவில்லை.

படகைத் திருப்பினார். தட்டுகள் திரும்பின. மேற்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். நான் தட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் வலித்தார். வெகுநேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து, வலது கைப் பக்கமாக ஒரு குரல் கேட்டது: "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." தேசிங்கு அழுதாரா சிரித்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டலுக்குத் தெற்கே கரையேறி, படகை முழங்கால் தண்ணீரில் இழுத்துக்கொண்டே நடந்து வந்தோம். மேனேஜர் ஓடி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை; படகின் மூக்கைப் பார்த்தார்.

"பித்தளை எங்கே? விழாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு மிஸ்! மாட்டுங்க. கையெழுத்தைப் போடுங்க. பனி விலகினதும் முதல் பார்ட்டி கிளம்பணும்."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் போவ மாட்டேன் சார்" என்றார் தேசிங்கு.

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"உசுரும் வேணும் சார்."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. "நானே மாட்டித் தரேன் சார்" என்றேன். மணலில் படகைப் பழையபடி கிழக்கே பார்த்து வைத்து, இருந்த நட்டுகளை வைத்துப் பித்தளையைப் பழைய இடத்திலேயே பொருத்தினேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க முன்குழியில உட்காருங்க. முழங்கால் தண்ணிதான். போட்டோகிராபரும் வந்துட்டார்."

கடைசி வார்த்தை வேலை செய்தது. மேனேஜர் ஷூவைக் கழற்றி, பேண்டை மடித்துவிட்டு, கமிட்டியின் கண்ணெதிரே குழியில் இறங்கினார். படகைத் தண்ணீருக்குள் நேரே தள்ளி, நானும் தேசிங்கும் இரு முனையையும் பிடித்துக்கொண்டோம். ஒருமுறை கடலுக்குப் போய் வந்துவிட்ட படகு என்பதால் இப்போது திருப்புவதில் கடலம்மாவுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

கடலைப் பார்த்து உட்கார்ந்தவர் உரக்கப் படித்தார்: "கிழக்கு." கால்வட்டம் திருப்பினோம். "கிழக்கு." இன்னும் கால்வட்டம். இப்போது அவருக்கு எதிரே அவருடைய ஓட்டல், அதன் வாழைமரம் கட்டிய வாசல், மைக் செட்டு, ஹாஜியார்.

"என்ன சார் காட்டுது?" என்றேன்.

நெடுநேரம் பார்த்தார். "கிழக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம ஓட்டல் கிழக்கு பார்த்த வாசல். அதனால இருக்கும்" என்றார்.

தலையாட்டிகள் தலையாட்டினார்கள். ஹாஜியார் ஆட்டவில்லை. வெள்ளை வேட்டி நனைய நனையத் தண்ணீருக்குள் இறங்கி வந்து, படகின் விளிம்பில் கை வைத்தார்.

"சார், எந்தப் பக்கம் திரும்புனாலும் கெழக்குதான்னா, அந்தப் புள்ள எப்ப வூட்டுக்கு வரும்?"

மேனேஜர் குழியிலிருந்து இறங்கி ஷூவைத் தேடிப் போனார். விழா நடந்தது. விருந்தினர் ரிப்பன் வெட்டினார். இரட்டைப் பாதுகாப்பைப் பாராட்டிப் பேசினார். மணலில் கிடந்த படகின் இரண்டு கண்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை.

அடுத்த கூட்டத்தை ஹாஜியார் கூட்டினார். அழைப்பில் ஒரே மாற்றம், இடம். கரையலைக்கு அப்பால், கயாக்குகளில், உறுப்பினர்கள் முன்குழியில் அமர வேண்டும். அதைப் படித்ததும் ஒருவருக்கு ஜலதோஷம் வந்தது. ஒருவர் வீட்டில் சீமந்தம். நுட்பமான விஷயங்களை நுட்பம் படித்தவர்களே தீர்மானிப்பதுதான் முறை என்று தாம் எப்போதும் சொல்லிவந்திருப்பதாக மேனேஜர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். கரையில் குடை பிடித்துக்கொண்டு ஹாஜியார் தலைமை வகித்தார். கடலுக்குள் வந்த உறுப்பினர்கள் தேசிங்கும் நானும்தான்.

கறுப்புக் கிண்ணம் ஒன்று, ஒன்றே ஒன்று, மூக்கை ஒட்டி எட்டத்தில் என்று நான் தீர்மானத்தைப் படித்தேன்.

"எல்லாரும் ஒத்துகினாங்களா யக்கா?" என்றார் தேசிங்கு பின்னாலிருந்து.

"ஒருமனதாக."

"அப்ப எதுக்கும் ஒருதபா திருப்பிப் பாத்துடலாம்" என்று சொல்லி, துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டார்.